சித்தப்பா கேட்டு வாங்கிய கிறிஸ்துமஸ்

அன்புப் பிள்ளைகளே,

சித்தப்பாவின் இந்த நினைவு மலரில் சாமியார்களும் சிஸ்டர்களும் எழுதியிருப்பதைப் பெரியவர்கள் படிப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு காய்கறி லாரியில் கிளீனராக ஏறியவன். எனக்கு அவர்களைப்போல எழுத வராது. அதனால் உங்களுக்கென்று எழுதுகிறேன். உங்களில் சின்னவர்களுக்குச் சித்தப்பா என்றால் கட்டிலில் படுத்திருந்தவர் என்றுதான் ஞாபகம் இருக்கும். அது அவருடைய வாழ்க்கையின் கடைசியில் ஒரு சின்னத் துண்டு. அதற்கு முன்னால் அவர் சிரித்ததும் மற்றவர்களைச் சிரிக்க வைத்ததும்தான் அதிகம். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் சித்தப்பா பிறந்தது கிளாவரை என்ற மலைக்கிராமத்தில். எங்கள் அப்பா அங்கே பிறருடைய பூண்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அவர் காய்ச்சலில் இறந்தபோது உங்கள் சித்தப்பா நடக்கக்கூடப் பழகவில்லை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்து, ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். விடுதிக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை வீட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அம்மா எங்களை அடித்து வளர்க்கவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. வயிறு காய்ந்தாலும் அடுத்த வீட்டில் போய்க் கேட்கக் கூடாது. யார் வீட்டிலிருந்து தட்டில் ஏதாவது வந்தாலும், அந்தத் தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரம் வரும், எதிர்வீட்டு நசீமா அக்கா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். அம்மா பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டு, அன்றைக்கே கொடுத்தனுப்புவார். கொண்டுபோய்க் கொடுக்கிற சோலி உங்கள் சித்தப்பாவுக்கு. போகிற வழியில் சீனி பாதியாகிவிடும். "இந்த வீட்டுச் சீனிக்கு மட்டும் கால் மொளைச்சிருக்கு போல" என்று நசீமா அக்கா அவருடைய வாயைத் துடைத்துவிட்டு அனுப்புவார்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். சாமியார் படிப்புக்குப் போகிறேன் என்றார், போனார். குருப்பட்டம் வாங்கிய அன்று கோயில் வாசலில் ஒரே கூட்டம். நான் பழக்க தோஷத்தில், "ஏலே, இங்குட்டு வா, போட்டோ எடுக்கணும்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். "சாமியாரப் போயி ஏலேங்குற. வாங்க சாமின்னு கூப்புடு."

உங்கள் சித்தப்பா, "அண்ணன் கூப்புடட்டும்மா. இனிமே என்னைய வேற யாரு அப்படிக் கூப்புடப் போறா" என்றார். அன்று அம்மாவே அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசினார். அவருக்கு அது கூச்சமாக இருந்தது.

அடுத்த வருடமே அவருடைய சபையார் அவரைப் பாப்புவா நியூ கினியாவுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கும் தீவு தேசம், உங்கள் மேப்பில் பாருங்கள். அங்கேயும் மலைதான். நம் ஊரைப்போலவே மூடுபனியும் குளிரும் உண்டு. நாம் உருளைக்கிழங்கு போடுகிற இடத்தில் அவர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடுகிறார்கள். சின்ன விமானத்தில் இறங்கி, பிறகு ஒரு பகல் நடந்தால்தான் அவருடைய பங்குக் கோயில் இருக்கும் ஊர். பலகைச் சுவர் வைத்த கோயில், அதை ஒட்டி அவருக்கு ஓர் அறை. கூட இருந்து உதவி செய்தவர், அங்கே வேதம் சொல்லிக்கொடுக்கும் யோசேப்பு என்ற உபதேசியார்.

அங்கே அவருடைய முதல் கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது என்பதை, பின்னாளில் நான் அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் எனக்குச் சொன்னார். மலைப்பாதையில் வத்தலக்குண்டு வரைக்கும் பேசிக்கொண்டே வருவார். வண்டியை நிறுத்திச் சிரிக்கும்படி ஆகியிருக்கிறது. அவர் சொன்னபடியே உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த மலைப் பெண்கள், நாரில் பின்னிய பைகளில் கிழங்கும் கீரையும் வாழைப்பழமும் கொண்டுவந்து அவருடைய வாசலில் வைத்தார்கள். உங்கள் சித்தப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் அம்மா வளர்ப்பு சும்மா இருக்குமா. அன்று சாயங்காலமே ஒவ்வொரு பையையும் உதறி மடித்து, உள்ளே ஒரு உப்புப் பாக்கெட்டோ சோப்போ மீன் டப்பாவோ போட்டு, வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. கூச்சப்படுகிறார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். மறுபடி பை வந்தது, மறுபடி அன்றைக்கே திருப்பினார். கொஞ்ச நாளில் பை வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

பை நின்றதோடு போகவில்லை. பூசைக்கு வருகிற ஆட்களும் குறைந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலம் பிறந்தது. குடில் கட்டக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகக் கூப்பிட்டார், யோசேப்பும் அவர் மனைவியும் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் அவர்கள் இருவரோடு ஒரு நாயும் இருந்தது.

"அந்த நாயி மட்டும் பிரசங்கத்த முழுசாக் கேட்டுச்சுண்ணே" என்றார் என்னிடம். "நான் அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். கிறிஸ்துமஸ் பூசைக்கும் இப்படித்தான்னா, என்னையத் திருப்பி அனுப்பிருங்கன்னு ஆயர்கிட்டச் சொல்லிரணும். இவங்களுக்கு என்னைப் புடிக்கல. புடிக்காத எடத்துல உக்காந்துக்கிட்டு நான் யாருக்கு வேதம் சொல்ல?"

ஆனாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்ப்போம் என்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெள்ளனே எழுந்தார். மைதாவையும் வாழைப்பழத்தையும் சீனியையும் பிசைந்து, அம்மா செய்வதுபோலக் கச்சாயம் சுட ஆரம்பித்தார். எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தால் மனசு மாறிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கருகியது பாதி, வெந்தது பாதி. யோசேப்பு உள்ளே வந்து பார்த்தார்.

"ஃபாதர், இது யாருக்கு?"

"எல்லா வீட்டுக்கும்."

"இதையும் குடுத்துட்டீங்கன்னா சோலி முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நீங்க ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

யோசேப்பு பேசியது இங்கிலீஷும் அந்த ஊர்ப் பாஷையும் கலந்து. உங்கள் சித்தப்பா எனக்குச் சொன்னது நம் ஊர்ப் பேச்சில்.

அப்போதுதான் யோசேப்பு விளக்கினார். அந்த மலையில் ஒருவர் கொடுத்தால் மற்றவர் வைத்துக்கொள்வார். பையும் அவர் வீட்டிலேயே கிடக்கும். மாதக்கணக்கில் கிடக்கும். கொடுத்த வீட்டில் ஒரு கல்யாணமோ சாவோ வரும்போது, வாங்கியவர் எதையாவது கொண்டு போவார். அதுவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து இருக்கும். வாங்கினதை உடனே திருப்பினால், உங்கள் உறவு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

"நீங்க ஒவ்வொரு வீடா ஏறிப்போயி, இன்னையோட தீந்துச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க ஃபாதர். அதுவும் ஒரு வீடு விடாம. நாங்க என்ன தப்புப் பண்ணுனோம், இந்தச் சாமியாருக்கு நம்மகிட்ட ஒண்ணுமே வேண்டாமாம்லன்னு பொம்பளைங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"உங்க ஊருல குருமாருங்க எல்லாரும் இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"எதையாச்சும் கேளுங்க. போயி, கேட்டு வாங்குங்க."

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பாவுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் பசியோடு தூங்கிய நாள் உண்டு. கேட்ட நாள் கிடையாது. ஊர்விட்டு ஊர் போய், கொடுப்பதற்கென்றே போன மனிதர் அவர். ஒரு குடிசை வாசலில் போய் நின்று என்னவென்று கேட்பார்?

முதல் வீடு ரூத் என்ற பெண்ணுடையது. அவர்தான் முதன்முதலில் பை கொண்டுவந்தவர். கிழங்குத் தோட்டத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா யோசேப்போடு போய் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார், வா என்று சொல்லவில்லை. விறகு கேட்கலாம், கோழி கேட்கலாம், குடிலுக்குப் புல் கேட்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாராம். ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பாஷையும் சரியாகத் தெரியாது. கடைசியில் வயிற்றில் கை வைத்து, "எனக்குப் பசிக்குது" என்றார். உண்மையாகவே பசித்தது. கச்சாயம் சுடுகிற மும்முரத்தில் அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ரூத் களைக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, தோட்டத்து விளிம்பில் போய் நின்று, கையைக் குவித்து எதிர்மலைக்குக் கேட்கும்படி கத்தினார். அங்கே இருந்து யாரோ திரும்பக் கத்தினார்கள். அதற்கு அடுத்த மலையிலும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்றாங்க?" என்று சித்தப்பா யோசேப்பிடம் கேட்டார்.

"ஃபாதருக்குப் பசிக்குதாம், ஃபாதருக்குப் பசிக்குதாம்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

ரூத் அடுப்புச் சாம்பலில் இருந்து ஒரு கிழங்கை எடுத்து, தோலை உரித்து, ஊதி, அவருடைய கையில் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்தார். "அண்ணே, நான் அத்தன நாளா மத்தவங்களுக்கு நற்கருணை குடுத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு எனக்கு ஒருத்தர் குடுத்த மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்திருச்சு. சூடு தாங்கலன்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க" என்றார்.

அங்கே கரண்ட் கிடையாது. அதனால் பூசையை வெளிச்சம் இருக்கும்போதே வைப்பார்கள். அன்று பிற்பகலில் மலைச் சரிவு முழுவதும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். எல்லார் முதுகிலும் பை. கோயில் பத்தாமல் வெளியே புல்லில் உட்கார்ந்தார்கள். பழகாத பாட்டை அவரவர் இஷ்டத்துக்குப் பாடினார்கள். உங்கள் சித்தப்பா பிரசங்கத்துக்கு எழுதி வைத்திருந்ததை எடுக்கவே இல்லை. குழந்தை இயேசு சுரூபத்தைத் தூக்கிக் காட்டி, "கடவுளுக்கு எல்லாம் இருக்கு. ஆனா நம்ம வீட்டுக்கு வந்தப்ப எதையும் குடுத்துக்கிட்டு வரல. பசிக்குது, தூக்குங்கன்னு அழுதுக்கிட்டுத்தான் வந்தாரு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பாஷையில் அவருக்குத் தெரியவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

கச்சாயத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "யோசேப்பு தின்னுட்டாரு. நான் வேற பள்ளத்தாக்குக்காரன், எனக்கு இந்தச் சட்டமெல்லாம் இல்லைன்னாரு."

டவுனுக்கு இறங்கினபோது அவர் இதைப் போனில் சொல்ல, அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். "அதுக்கப்புறம் பையத் திருப்பிக் குடுக்கவே இல்லையா? நான் வளத்த வளப்பு இதானா சாமி?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "கெழங்கு நல்லா வெந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

அதன்பிறகு உங்கள் சித்தப்பா அந்த மலையைவிட்டு வர நினைக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பசிக்கிறது என்பாராம். இந்த வருடம் எங்கள் வீடு என்று ஊருக்குள் போட்டியே நடந்ததாம். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகுதான், வேறு வழியில்லாமல் ஊருக்கு வந்தார். அதற்குள் அம்மாவும் இறைவனிடம் போய்விட்டார்.

நம் வீட்டில் இருந்த காலத்தில் நடந்தது உங்களுக்கே கொஞ்சம் தெரியும். நசீமா அக்கா கஞ்சி கொண்டுவருவார். உங்கள் அம்மா அந்தத் தூக்குவாளியைக் கழுவிச் சீனி போட்டு எடுப்பார். "அது கெடக்கட்டும் மதினி" என்பார் சித்தப்பா கட்டிலில் இருந்தபடியே. இரண்டு நாள் கழித்து நசீமா அக்கா, "ஏம்ப்பா, என் வாளி எங்க?" என்று கேட்டுக்கொண்டு வருவார். வந்தவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். வாளியை மறந்துவிட்டுப் போவார். இப்படியே நம் அடுக்களை முழுக்க மற்றவர்கள் பாத்திரம், சித்தப்பாவின் அறை முழுக்க ஆட்கள். மதுரைக்கு வண்டி ஓட்ட என்னால் முடியாத நாட்களில், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவரே யாரையாவது கேட்டுவிடுவார். கேட்கப்பட்டவர்கள் ஏதோ பரிசு வாங்கியதுபோல வந்தார்கள். எனக்கு அது அப்போது ஆச்சரியமாக இருந்தது.

போன வருடம் திருவருகைக் காலத்தில், ஒரு காலை வேளையில், ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு அமைதியாகக் கண்ணை மூடினார். செய்தி போனதும் ரூத் எனக்குப் போன் செய்தார். பக்கத்திலிருந்த ஒரு சிஸ்டர் அதை எனக்குத் தமிழில் சொன்னார். "எங்கள் பைகள் எல்லாம் ஃபாதரிடம்தான் இருக்கின்றன. அதனால் அவர் இன்னும் எங்கள் ஆள்" என்றாராம்.

உதவிய பெரியவர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு நன்றி எழுத வேண்டும். வண்டி ஓட்டியவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், கஞ்சி வைத்தவர்கள், கட்டிலருகே செபம் சொன்னவர்கள், கல்லறைவரை தூக்கி வந்தவர்கள் எல்லாரையும் நினைக்கிறோம். ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி, உங்களோடு முடித்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறோம்.

துக்க வருடம் இப்போதுதான் முடிகிறது என்பதால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. சமையலும் செய்யப் போவதில்லை. பூசை முடிந்ததும் நானும் என் மனைவியும் பிள்ளைகளுமாக உங்களில் யாருடைய வீட்டுக்காவது சாப்பிட வருவோம். எந்த வீடு என்று இப்போது சொல்லமாட்டோம். வெறுங்கையோடுதான் வருவோம்.