வலையை விட்டு வந்தவன்

மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கடலை நம்பிப் பிழைக்கிறவன் நான். சுனாமியன்று முதல் அலைக்குத் தப்பி மேட்டில் ஏறிவிட்ட என் தம்பி, வலையை எடுக்க மறுபடியும் இறங்கிப் போனான், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி என் மகளிடம் நான் வாயே திறந்ததில்லை.

போன மாதம் திண்டிவனத்தில் அவள் படிக்கும் பள்ளியில் கண்காட்சி. களிமண்ணில் எரிமலை செய்து, அடிவாரத்தில் தீப்பெட்டி வீடுகளை வைத்திருந்தாள். சோடா மாவில் வினிகரை ஊற்றியதும் சிவப்பு நுரை பொங்கி வீடுகளை மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏம்ப்பா அங்க பாத்துக்கினு இருக்க? வூட்டுல ஒருத்தரும் இல்ல, பாரு" என்றாள்.

மேசையின் மறுகோடியில் சின்னச் சின்னப் பொம்மைகள் நின்றன.

"மலை மொதல்ல பொகை வுடும், நெலம் ஆடும். அதப் பாத்ததுமே இவங்க கெளம்பிட்டாங்க."

ஒரு பொம்மை மட்டும் கொஞ்சம் தள்ளி, வெறுங்கையோடு நின்றது.

"இது யாரும்மா?"

"சித்தப்பா. அம்மா சொல்லிச்சு. இங்க அவரு வலைய வுட்டுட்டு வந்துட்டாரு."

ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவளிடம் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள் என்று குப்பத்துப் பிள்ளைகளிடம் இப்போது நானே சொல்கிறேன். அவன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.