கல்யாண வீட்டில் ஒரு தப்பு

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். பாட்டும் கீபோர்டும் நான், டிரம்ஸ் என் தம்பி, மற்ற இருவர் கிட்டார். புஞ்சாக் ஆலாம் மண்டபங்களில் நம் தமிழ் ஆட்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு எங்களை எடைபோடுவார்கள். ஒரு குத்துப்பாட்டு எடுத்துவிட்டால் போதும், மாமாக்கள் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிவிடுவார்கள். சுங்கை பஞ்சாங்கில் ஜாவாக்காரர் வீடு என்றால் அவர்களுடைய டங்டுட் ஆட்டப்பாட்டு. கரண்டியும் கையுமாகப் பெண்கள் ஓடி வருவார்கள். சீனர் விருந்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஆனால் தட்டுகிற தட்டில் மேசை அதிரும். சோகப்பாட்டு மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

போன வருடம் சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு பாக்சிக், மலாய்க்கார மாமா, அழைத்தார். எஸ்டேட்டில் அப்பா செம்பனைக் குலைகளை ஏற்ற, லோரி ஓட்டியவர் அவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மகளுக்குக் கல்யாணம்.

"பாப்பா, ஒங்க அப்பாவ தூக்கிட்டுப் போனப்ப ஒரு அடி அடிச்சாங்கல்ல? அதான் வேணும்லா. ராஜாவ அனுப்புற மாதிரி அனுப்புனீங்க. எம் மவளையும் அப்படித்தான் அனுப்பணும்."

அது சாவுக்கு அடிக்கும் தப்பு மேளம், பாக்சிக், கல்யாணத்துக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் வாய் தானாகச் "சரி" என்றுவிட்டது.

தம்பி குதித்தான். "ஒனக்கு என்னா பைத்தியமாக்கா? கல்யாண வூட்ல சாவு அடியா? அம்மாவும்தான வருது!"

எனக்கும் அதுதான் பயம். அப்பா போனதிலிருந்து எங்காவது தப்புச் சத்தம் கேட்டாலே அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். கடைசியில் அதே அடியை ஜோகெட் என்ற மலாய் ஆட்டப்பாட்டுக்குள் லேசாக ஒளித்து வாசித்துச் சமாளிப்பது என்று முடிவு செய்தோம்.

அன்று நண்பகல், கூடாரம் நிறைந்த கூட்டம். எங்கள் பழைய எஸ்டேட் ஆட்களுக்கு மூன்று மேசை. அம்மா முதல் மேசையில் கோழிக் குழம்பும் சோறுமாக இருந்தார். நாங்கள் ஒளித்து வாசித்தோம். பாக்சிக் நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

"இது இல்லலா!"

நான் தம்பியைப் பார்த்தேன். வேண்டவே வேண்டாம் என்று குதித்த மகராசன், தப்பை வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான்! சோறு வெந்த அடுப்பிலேயே தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து நடுவில் நின்றான். ஒரு கணம் என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். அடித்தான்.

தமிழ் மேசைகளில் கைகள் சோற்றிலேயே நின்றன. மற்ற எல்லாரும் துள்ளினார்கள். அந்த ஊர் மீனவர்கள் தோளில் தோள் போட்டு ஆடினார்கள், கொம்பாங் மேளம் அடிக்க வந்த பையன்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள், மணப்பெண் மணமேடைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே கைதட்டினாள். பாக்சிக் அழுதுகொண்டே சிரித்தார்.

அப்போதுதான் அம்மா எழுந்தார். போச்சு, வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா, மன்னிச்சிரும்மா. பாக்சிக் ஆசப்பட்டாரு, என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் கத்திக்கிட்டே கெடந்தேன். ஒண்ணுமே காதுல வுழல. இவ்ளோ நல்லாவா அடிச்சாங்க ஒங்க அப்பாவுக்கு?"

"ஆமாம்மா."

சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார்.

"தம்பிய நிறுத்த வேணாம்னு சொல்லு."