பாய்லர் நன்றி சொன்ன வியாழக்கிழமை

என் அக்கா வீட்டுக்காரரை நான் கொல்லப் பார்த்தேன். பகை ஒன்றும் கிடையாது, பத்து நாள் லீவுக்காகத்தான். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் இப்போது வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

மாமா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஃபோர்மேன். ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்து, ரோலரில் தேய்த்து, மடித்து, சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ரோலர் என்பது நீராவியில் கொதிக்கிற ஆளுயர உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் விளிம்பைப் பிடித்து உள்ளே கொடுப்போம். அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். நான் பதினோரு வருஷமாகக் கொடுக்கிற பக்கம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மாமாதான். ஒருநாள் விடாமல் அதைச் சொல்லிக் காட்டுகிறவரும் அவரேதான்.

கூடத்தில் அவருக்குப் பாய்லர் என்று பெயர். நிஜமான பாய்லர் பின்கட்டில் இருக்கிறது. அதிலாவது அழுத்தம் ஏறினால் திறந்துவிட ஒரு வால்வு உண்டு, இவருக்கு வாய்தான் வால்வு. விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். "கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்கா?" என்பார். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் அழுவார்கள், இரண்டாவது வாரம் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாலும் அவர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். வரிசையில் நிறுத்திய கடைசித் தள்ளுவண்டி காலியான பிறகுதான் சாப்பாட்டு மணி அடிப்பார். எல்லோரும் டப்பாவைத் திறந்த பிறகுதான் தன் டப்பாவைத் திறப்பார். அந்த வறட்டுக் கௌரவம்தான் அவருக்கு எமனாக வந்தது. எமனுக்கு வழி காட்டியது நான்.

மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷம். போன வருஷம் மாத்திரை போதாது என்று இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணிக்கு வயிற்றில் குத்திக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருவார். இது கூடத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த லட்சணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வியாழக்கிழமைகளில் சரக்கு அதிகம். பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய மணி ஒன்று, ஒன்றேகால் என்று தள்ளிப் போகும். அந்த நேரத்தில் பாய்லரிடம் ஓர் அதிசயம் நடப்பதை முதலில் கண்டுபிடித்தவள் ரேடியோ. மடிக்கிற பக்கத்தில் நிற்கிறவள். வாய் மூடாததால் அந்தப் பெயர்.

"கவனிச்சியா? வியாழக்கிழமை பசி வந்தா இந்த மனுஷன் தங்கமாயிடறாரு" என்றாள்.

கவனித்துப் பார்த்தேன், உண்மைதான். பன்னிரண்டே முக்காலுக்கு எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒரு மணி தாண்டினால் முகம் பால்குடிக் குழந்தை மாதிரி ஆகிவிடும். "ரொம்ப நல்லா இருக்கும்மா", "பரவாயில்ல விடுங்க", "நன்றி". எல்லோருக்கும் பசி வந்தால் கோபம் வரும், இவருக்குப் போகிறது, கொடுத்து வைத்தவர் என்று நினைத்தோம். ரேடியோ அந்த நேரம் பார்த்து லீவு பாரத்தை நீட்டினாள், படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு கூடம் முழுக்க வியாழக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த வெக்கையில் வியர்க்காதவர் யார்?

என் மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருப்பது வேறு ஊரில், எட்டு மணி நேரப் பயணம். பத்து நாள் லீவு கேட்டேன். செவ்வாய்க்கிழமை பாரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தூக்கிப் போட்டார்.

"பிரசவம் உன் பொண்ணுக்கு. நீயா போய் முக்கப் போறே?"

புதன்கிழமையும் அதே பதில்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. சரி, நாளைக்கு வியாழன் வருதில்ல, பார்த்துக்கறேன் என்று வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சரக்கு வழக்கத்தைவிடக் குறைவு. பன்னிரண்டேமுக்காலுக்கே மணி அடித்துவிடும்போல் இருந்தது. ரேடியோவிடம் கண் காட்டினேன். மதியத்துக்கு என்று ஓரமாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டிகளில் மூன்றை இருவரும் தள்ளி வந்து காலை வரிசையின் வாலில் சேர்த்தோம். மாமா வந்து எண்ணிப் பார்த்தார். குழம்பினார். எங்களைத் திட்டினார். ஆனால் வரிசையில் நிற்கிற வண்டியை முடிக்காமல் மணி அடிக்க அவருக்குக் கை வராது.

ஒன்றே காலுக்குப் பாரத்தோடு போனேன்.

"வாம்மா" என்றார். பாரத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பேரனா, பேத்தியா?"

"இன்னும் பொறக்கலையே மாமா."

"பொறக்கட்டும், பொறக்கட்டும். ரொம்ப நன்றி" என்று சொல்லி, தேதி போடுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கோடு காகிதத்தைத் தாண்டி மேஜை வரைக்கும் போயிற்று. விரல்கள் நடுங்கின, தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பார்த்துவிட்டுத்தான் பாரத்தை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

"நான் ஒரு கை குடுக்கறேன்" என்று ரோலருக்கு வந்து என் இடத்தில் நின்றார். ஒரு விரிப்பை எடுத்து விளிம்பை உள்ளே கொடுத்தார். உருளை இழுக்க ஆரம்பித்ததும் விட்டுவிட வேண்டும். அவர் விடவில்லை. விரிப்போடு அவர் கையும் போய்க்கொண்டே இருந்தது. அவர் புன்னகையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா!" என்று கத்திக்கொண்டே சிவப்புப் பொத்தானில் அறைந்தேன். நான்கு விரற்கடை இடைவெளியில் உருளை நின்றது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோட கைங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நாற்காலியில் உட்கார வைத்தோம். டீ கொண்டு ஓடி வந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு சொட்டு மூளை இருந்திருந்தாலும் அதில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? வழியில் மறித்தேன்.

"அவரு சுகர் பேஷண்ட்! சர்க்கரை போடாத டீ கொண்டா!"

சர்க்கரை போடாத டீ வந்தது. சமர்த்தாகக் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். அந்தக் கண்றாவி டீ தயாரித்துக் கொடுப்பதில் பத்து நிமிஷம் வீணாயிற்று. அவர் சரிந்து கீழே விழுந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை.

இப்போது ரேடியோவுக்கு ஞானோதயம். ஒரு பாட்டில் ஜூஸைத் திறந்துகொண்டு அவர் வாயைப் பிளந்து ஊற்றப் போனாள். மேனேஜர் ஆம்புலன்ஸ்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "வாயில எதையும் ஊத்தாதீங்க! நினைவில்லாதவருக்கு ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடுமாம்! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!" என்று அலறினார். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன். சட்டை பிழியலாம்போல் நனைந்திருந்தது, உடம்பு மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஆம்புலன்ஸ்காரன் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணு" என்றான். எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். கையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் மாமா கண் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எந்த நாய் ரோலரை நிறுத்தினது?"

எனக்கு அந்தத் திட்டைக் கேட்டுக் காதில் தேன் பாய்ந்தது.

மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா. மாமாவுக்கே அக்கா முறை வைக்கலாம், அப்படி ஒரு வாய். "ஊசி போட்டாச்சுன்னா அது தன் வேலையைப் பார்த்துட்டேதான் இருக்கும். நீங்க வேலை முடிஞ்சப்புறம் சாப்பிடறேன்னா அது காத்திருக்குமா? அதுலயும் வெக்கையில நின்னு வேலை. வேர்க்கும், நடுங்கும், பேச்சு மாறும். சிலருக்குக் கோவம் வரும், சிலர் அசடு வழிவாங்க. முழுங்க முடியறப்பவே தண்ணியில நாலு ஸ்பூன் சர்க்கரை கலந்து குடுங்க. கால் மணி நேரம் கழிச்சுக் குத்திப் பாருங்க, ஏறலைன்னா மறுபடி குடுங்க, ஏறினதும் சாப்பிட வைங்க. அவ்வளவுதான், இதுல என்ன கஷ்டம்?"

பிறகு மாமாவின் சட்டைப் பையைத் தடவினாள். "குளுக்கோஸ் மிட்டாய் எங்கே? எப்பவும் பையில இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பாங்களே!"

மாமா, தகவல் கேட்டு ஓடி வந்திருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். வாராவாரம் சட்டையைத் துவைக்கப் போடும்போது அக்கா பையில் மிட்டாயைக் கையும் களவுமாகப் பிடிப்பாள். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு திருட்டுத் தீனி என்று பறித்துக் குப்பையில் போட்டுவிடுவாள். மருந்துக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமாவுக்குக் கிரீடம் இறங்கிவிடும். அதனால் அவரும் சொல்லவில்லை. கேட்டுக்கொள்ள அவளும் தயாராக இல்லை. எங்களுக்குத் தெரிந்த லட்சணம் என்றேனே, அது இதுதான்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார், கூடவே மேனேஜரும் வந்தார். மேனேஜர் கெட்டவர் அல்ல, பயந்துபோயிருந்தார். "எப்ப மயங்கி விழுவாருன்னு தெரியாத ஒருத்தரை ரோலர்கிட்ட நிறுத்த முடியாது. வாசல்ல உக்காந்து வண்டி வர்றதை எழுதட்டும்" என்றார். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. இருபத்தாறு வருஷம் அந்த உருளைக்கு முன்னால் நின்ற மனுஷன். வாசலில் உட்கார வைத்தால் ஆறே மாதத்தில் படுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் கேட்டார். "நேரத்துக்குச் சாப்பிட்டும் இப்படி ஆச்சா? அப்படின்னா மேனேஜர் பயப்படறதுல நியாயம் இருக்கு. சாப்பாடு தள்ளிப் போனதாலன்னா, நேரத்தையும் மருந்து அளவையும் சரி பண்ணிடலாம். எது?"

"வியாழக்கிழமை சரக்கு ஜாஸ்தி" என்று மாமா முனகினார்.

"நேத்து கம்மிதானே" என்றார் மேனேஜர்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரேடியோகூட வெளியே சொல்ல மாட்டாள், அவளும் வண்டி தள்ளியவள்தானே. ஆனால் மாமா கட்டிலில் விரலால் போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் மூணு வண்டியைத் தள்ளி வரிசையில விட்டேன். லேட்டானா அவரு நல்லவரா ஆயிடுவாரு. கையெழுத்து வாங்கலாம்னு. நாங்க எல்லாருமே அப்படித்தான் வாங்கிட்டிருந்தோம்."

டாக்டருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மிட்டாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும், இறக்கிக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தே ஆக வேண்டும், ரோலர் ஓடினாலும் நின்றாலும் ஃபோர்மேன் முதலில் சாப்பிட வேண்டும், அப்படியென்றால் அவர் பழைய வேலைக்கே வரலாம் என்று பேசி முடித்தார்கள். டாக்டர் காலை ஊசியின் அளவைக் குறைத்து எழுதினார். மாமா என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சாயங்காலம் அக்கா மருந்து வாங்கப் போனாள். நானும் அவரும் மட்டும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"உன் பொண்ணுக்கு என்னிக்கும்மா தேதி குடுத்திருக்காங்க?"

அம்மாவா! சர்க்கரை இறங்கினால்தானே இவர் வாயில் அந்தச் சொல் வரும்! "நர்ஸம்மா! நர்ஸம்மா! மறுபடி இறங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். கையில் கிடைத்த சர்க்கரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். நர்ஸம்மா பின்னாலேயே ஓடி வந்து அவர் விரலைக் குத்தினாள். மூவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நூத்தி முப்பத்தொண்ணு. கல்லு மாதிரி இருக்காரு" என்று என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

மாமா விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே சொன்னார். "கேட்டது நான்தான். நாளைக்கே கெளம்பு. முதல் பிரசவம், பொண்ணு பயந்துபோயிருப்பா. பத்து நாளும் இருந்துட்டு வா."

"என்னை ரெண்டு திட்டாவது திட்டுங்க மாமா."

"அதுக்கு வருஷம் பூரா கெடக்கு. போ."

நூற்று முப்பத்தொன்று. மனுஷன் முழு நினைவோடு என்னை மன்னித்திருக்கிறார். எனக்குத்தான் அதைத் தாங்கத் தெம்பில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.