கையால் திருகினால் போதும்

அந்த ஸ்டட் முறிந்த சத்தமும் என் மணிக்கட்டு முறிந்த சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன. எது முதலில் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில், என் தண்ணீர் லாரியின் பம்பர் மேல் ஏறி நின்று, ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் பலம் முழுவதையும் அதில் போட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம். அடுத்த கணம் தரையில் கிடந்தேன். வலது கை எனக்குக் கீழே மடங்கியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி ஓடி வந்தாள். என்னைத் தூக்கி உட்காரவைத்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இன்ஜினைப் பார்த்தாள். அந்த இரண்டாவது பார்வையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முடிச்சூர் பக்கத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் பிடித்து, அஸ்தினாபுரத்தில் நான்கு தெருக்களுக்கு ஊற்றுவது என் தொழில். காலையில் லாரி திரும்பும் முனையிலேயே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அப்படிப்பட்ட நாட்களில் லாரி படுத்துக்கொண்டது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துக் குமிழியிட்டது, புகை வெள்ளையாக வந்தது. சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. எங்கள் மெக்கானிக் சொந்த ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார், வரப் பத்து நாளாகும். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேரைப் பிடித்து ஹெட்டை நானே இறக்கிவிட்டேன். கையோடு ஸ்டட்களையும் மாற்றிவிடலாம் என்று, புதுக் கேஸ்கெட்டோடு ஒரு செட் ஸ்டட்டும் தாம்பரத்தில் வாங்கிவைத்தேன். ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். இரண்டு முனையிலும் மரை இருக்கும். ஒரு முனை இன்ஜின் பிளாக்குக்குள் ஏறி நிற்கும், மேல் முனையில் நட்டுப் போட்டு ஹெட்டை இறுக்குவோம். இருபதுக்கும் மேற்பட்ட அந்தக் கம்பிகள்தான் அத்தனை அழுத்தத்தையும் பிடித்துக்கொண்டிருப்பவை. மற்றவை எல்லாம் கழன்று வந்துவிட்டன. மூலையிலிருந்த ஒன்றுதான் என்னைக் கீழே தள்ளியது.

கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து பிற்பகலில் திரும்பினேன். மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது அவள் பம்பர் மேல் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, என் பழைய காக்கிச் சட்டை ஒன்றை மேலே போட்டிருந்தாள். முறிந்த ஸ்டட் விரல்நகம் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தாள்.

"இன்னா பண்ணிகினு கீற நீ?" என்றேன்.

"நேத்து சாயந்தரமே ஊத்திட்டேன். இன்னும் கொஞ்சம் ஊறட்டும்," என்றாள், திரும்பாமல்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் குரோம்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். கடைசி மூன்று வருடம் சரக்கை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கும் மேசை அவளுடையது. கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொன்னவன் நான். சொந்த லாரி வைத்திருப்பவன் பெண்டாட்டி பட்டறைக்குப் போவதா என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதனால் அவளுக்கும் அதில் விருப்பம்தான் என்று ஏழு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

முறிந்த துண்டின் இரண்டு பக்கத்தையும் சின்ன அரத்தால் தட்டையாக ராவினாள். அதில் பொருந்துகிற சிறு ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் ஒரு நூலளவு, இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு என்று மாற்றி மாற்றி அசைத்தாள். நடுநடுவே சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு, மறுபடி மண்ணெண்ணெய். எனக்குப் பொறுமை போனது. ஒரே நெம்பாக நெம்பு என்று கீழேயிருந்து கத்தினேன். "நெம்பினதுதான நேத்து?" என்றாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு நேரத்தில், அது ஒரு முழுச் சுற்று வந்தது. அதை வெளியே எடுத்து, முறிந்து விழுந்த மேல்துண்டோடு பொருத்தி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு புது ஸ்டட்டோடு சேர்த்து என்னிடம் நீட்டினாள். பழையதன் நடுப்பகுதி புதியதைவிட மெலிந்து, இழுபட்டிருந்தது.

"இது ரப்பர் மாதிரி இழுத்துப்போச்சுங்க. யாரோ அளவில்லாம இறுக்கியிருக்காங்க," என்றாள்.

அந்த யாரோ நான்தான். முந்திய வருடம் ஹெட்டைக் கழற்றிப் பூட்டியபோது, கெட்டியாக இருக்கட்டும் என்று இதே குழாயைச் செருகி இறுக்கியவன் நான். அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு மோர் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

அடுத்த நாள் புது ஸ்டட்களை ஒரு செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொன்றிலும் நட்டை விரலால் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டில் மூன்றாவது சுற்றிலேயே நட்டுப் பிடித்தது. அந்த இரண்டையும் நல்ல ஒன்றோடு மரைக்கு மரை பொருத்தி வெயிலுக்கு எதிரே தூக்கிக் காட்டினாள். பல்லோடு பல் சேராமல் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. மரையின் இடைவெளியே வேறு.

"கடையில புதுசா வாங்கினது. ஸ்பேனர் போட்டா ஏறிடும், வுடு," என்றேன். அஸ்தினாபுரத்துக் குடங்கள்தான் என் கண்ணுக்குள் நின்றன. இன்னும் இரண்டு நாள் போனால் அந்தத் தெருக்காரர்கள் வேறு லாரியைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏறும். ஏறிப்போய் பிளாக்குல கீற மரையத் தின்னுடும். அப்புறம் ஸ்டட்ட மாத்தலாம், பிளாக்க மாத்துவீங்களா?"

பஸ் ஏறித் தாம்பரம் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நான் அவளைக் காட்டினேன். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கல்லாவின் மேல் கொட்டி, விரலால் ஓட்டி ஓட்டிப் பார்த்து இரண்டைப் பொறுக்கினாள். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். அத்தனை வருடம் அந்த விரல்கள் அரிசியில் கல் பொறுக்கியதை மட்டுமே பார்த்திருந்தேன்.

அதற்கு மறுநாள் பகல் முழுதும் பிளாக்கில் இருந்த துளைகளைச் சுத்தம் செய்தாள். கம்பியில் துணி சுற்றி ஒவ்வொன்றையும் துடைத்து, சைக்கிள் பம்பால் ஊதி, மறுபடி துடைத்தாள். அடியில் சொட்டு எண்ணெயோ தண்ணீரோ தங்கினாலும், ஸ்டட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும் என்றாள். இருபது வருடம் லாரி ஓட்டிய எனக்கு அது புதுச் செய்தி. பிறகு ஒவ்வொரு ஸ்டட்டாக எடுத்து விரலால் திருகி இறக்கினாள். அடி தட்டியதும் கையை எடுத்துவிட்டாள்.

"ஸ்பேனர் போடலையா?"

"எதுக்கு? கையால திருகினா போதும். அடியில போய் உக்காந்தா சரி. இறுக்கறதெல்லாம் மேல நட்டு பண்ற வேலை."

நட்டை இத்தனை பலத்தோடுதான் இறுக்க வேண்டும் என்று முள் காட்டும் டார்க் ரெஞ்ச் எங்களிடம் இல்லை. அன்று மாலை குரோம்பேட்டைக்குப் போய்த் தன் பழைய சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவரே அதை ஒரு துணியில் சுற்றி, ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. இன்ஜினைச் சுற்றி ஒருமுறை வந்தார். ஒரு ஸ்டட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். புதுக் கேஸ்கெட்டின் மேல் நாலு பேர் ஹெட்டைத் தூக்கிவைத்துவிட்டுப் போனதும், அவள் நட்டுகளுக்கு எண்ணெய் தடவி, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, மூன்று தவணையாக இறுக்கினாள்.

"இவங்க போனப்புறம் அந்த டேபிளுக்குச் சரியான ஆளே அமையலை சார்," என்றார் அவர் என்னிடம். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வீட்ல யாராவது வேணாம்னு சொல்றாங்களா, நான் வந்து பேசட்டுமான்னுகூட கேட்டேன். இல்ல சார், எனக்கே இந்த வேலை பிடிக்கலைன்னுட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் கை நிற்கவில்லை. ரெஞ்சின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் புதிதாக ஒரு யூனிட் போட்டிருப்பதாகவும் அங்கே ஆள் தேடுவதாகவும் அவர் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னார். அவரை ஸ்கூட்டர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கரையும் டாப்பெட் இடைவெளியையும் நான் வாயால் சொல்ல, அவள் செய்து முடித்தாள். அந்த ஒரு பகுதி மட்டும் எனக்குத்தான் அவளைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. நான் இடது கையால் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இருவரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு குமிழிகூட இல்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றோம். நன்றாகச் சூடேறியதும் நிறுத்தச் சொன்னாள், ஆறவிட்டு மறுபடி ஒருமுறை எல்லா நட்டுகளையும் சரிபார்த்தாள்.

கைகழுவிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். "வேலை புடிக்கலைன்னு ஏன் சொன்ன அவராண்ட?"

"வேற இன்னா சொல்றது? புருசன் வேணாம்றார்னு சொன்னா அவர் உங்களாண்ட பேச வருவாரு. நீங்க ஒத்துக்க மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்கணும். அதுக்கு இது சுளுவா இருந்துச்சு."

சோப்பு நுரை கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது. அழுக்குப் போக மறுபடி மறுபடி தேய்த்தாள்.

"இப்ப போறியா, அந்தத் திருமுடிவாக்கத்துக்கு?"

"போறேன். உங்க கை சரியாவட்டும்னு அவராண்ட ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன்," என்றாள். "உங்களாண்ட கேக்கலைங்க. சொல்றேன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நிற்க எனக்கு ஓர் இடம் இல்லை. எதிரே லாரி நின்றிருந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

கை சரியாகும் வரை நண்பர் ஒருவர் லாரியை ஓட்டினார். அஸ்தினாபுரத்துக்காரர்கள் இடையில் ஒரு வாரம் வேறு லாரியில் பிடித்துவிட்டு எங்களிடமே திரும்பினார்கள். அந்த ஹெட்டை அதன் பிறகு நான் விற்கும்வரை ஒருவரும் கழற்றவில்லை. லாரி இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. அவள் திருமுடிவாக்கத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, கண் பார்வை மங்கியபோது தானாகவே போதும் என்று நின்றாள். இப்போது எந்தக் கடையில் எதை வாங்கினாலும், மூடியை ஒரு சுற்று திருகிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுகிறாள்.

அவள் அங்கே வேலைக்குப் போன முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன், தண்ணீர் லாரியிலேயே. கண்ணாடி ஓரம் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தொழிற்பேட்டை வாசலில் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். காவலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எந்தக் கம்பெனிக்கு லோடு அண்ணா? தண்ணி வரும்னு யாரும் சொல்லலையே?"

"தண்ணி இல்லபா. தோ போறாங்க பாரு, அவங்கள எறக்க வந்தேன்," என்றேன்.

அவர் அவளையும் அத்தனை பெரிய லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வண்டியைக் கிளப்பாமல், அவள் எந்தக் கதவுக்குள் நுழைகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.