ஆயிரத்து முந்நூறு கிராமும் ஓர் ஈர வேஷ்டியும்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தேர்வும் இல்லை. நான் எழுதாமல் போன காரணத்தின் எடை — ஆயிரத்து முந்நூறு கிராம்.

என் அக்காவுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறியது. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி. அக்கா ஒரு கட்டடத்தில், ஊசியும் மயக்கமுமாக. குழந்தை இன்னொரு கட்டடத்தில், வார்மர் என்கிற சூடேற்றும் விளக்கின் கீழ், சன்னமான குழாய் வழியே பால் இறங்க. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நாங்கள்.

ஐந்தாம் நாள் காலை குழந்தைகள் வார்டு நர்ஸ் வெளியே வந்தார். வயது ஐம்பது இருக்கும். குரலில் தயக்கம் என்பதே கிடையாது.

"இந்தாம்மா, உங்க கொயந்த நல்லா மூச்சு வுடுது. அத்தவிட மோசமா ஒண்ணு இப்போ வந்துக்கீது. வார்மரை அதுக்குக் குடுக்கணும். உங்களுதை யாராச்சும் மாரு மேல வெச்சுக் கட்டிக்கினு குந்தணும். கங்காரு மாதிரி. யாரு வர்றீங்க?"

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சுத்தமான மருத்துவம். குறைமாதக் குழந்தையின் தோலுக்கு அடியில் கொழுப்பு கிடையாது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது. சூடு இறங்கினால் மூச்சும் தடுமாறும். பெரியவர் ஒருவரின் வெற்று மார்பில் தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவிட்டால்... அந்த உடம்பே விளக்கு.

அம்மா எழுந்தாள். இருமினாள். "இருமிக்கினு உள்ள வராதே" என்று நர்ஸ் அவளை அங்கேயே நிறுத்திவிட்டார்.

மிச்சம் நான். 'வருகிறேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "கல்யாணமாகாத பொண்ணு, ஆஸ்பத்திரில மாரைத் திறந்துண்டு உக்காரவாவது!" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"நான் வெச்சுக்கலாமா?"

கேட்டவர் அத்திம்பேர், குழந்தையின் அப்பா. கடலோரக் கிராமம் ஒன்றில் பெருமாள் கோயில் அர்ச்சகர். குழந்தை பிறந்ததால் அவருக்குப் பத்து நாள் தீட்டு. சன்னதிக்குள் போகக் கூடாது. பெருமாளே சம்மதித்துக் கொடுத்த லீவு!

"அப்பன்தானே? தாராளமா வா சாமி. குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டு வந்தார் — தமக்குத் தெரிந்த முறைப்படி. குழாயடியில் தலையோடு பச்சைத் தண்ணீர், பிழிந்து உடுத்த ஈர வேஷ்டி, தோளில் ஈரத் துண்டு. இருபது வருஷமாக அப்படி மடியாக, அதாவது ஈரத்தோடு ஆசாரச் சுத்தமாக, வந்துதான் அவர் எதையும் தொட்டிருக்கிறார்.

நர்ஸ் அவசரத்தில் இருந்தார். "பூணூலைத் தள்ளிப் போடு, மூக்குல மாட்டிக்கும்" என்று சொல்லிக் குழந்தையை அவர் மார்பில் வைத்துவிட்டு, புதிதாக வந்த குழந்தையிடம் ஓடினார். துண்டால் சுற்றிக் கட்டியது நான்தான். ஈரம் என் கையில் பட்டது. உறுத்தவே இல்லை. எங்கள் வீட்டில் ஈரத் துணியைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

அரை மணி கழித்து நர்ஸ் தெர்மாமீட்டரோடு வந்தார். முப்பத்தைந்து புள்ளி ஆறு. முப்பத்தாறரைக்குக் கீழே இறங்கக் கூடாது. குழந்தையின் பாதம் நீலம் பாரித்திருந்தது.

"இன்னா சாமி இது! ஐஸ் கட்டி மாதிரி கீறே! கொயந்தைய வெறைக்க வெச்சுட்டியே!"

வேறு வழியில்லாமல் ஒரே விளக்கின் கீழ் இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். டாக்டர் வந்து பார்த்தார். "இன்னொரு முறை இப்படி இறங்கினால் தாங்காது" என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

ஒரு மணி நேரத்தில் பாதம் சிவந்தது. நர்ஸ் மறுபடி கூப்பிட்டார், இந்த முறை ஈரமில்லாமல் வரச் சொல்லி. அத்திம்பேர் எழுந்திருக்கவில்லை.

"மடியில்லாம பெருமாளைத் தொட்டதில்லை. பச்சைக் குழந்தையை எப்படித் தொடறது? மனசு கேக்கலை. வேற யாரையாவது..."

வேறு யார்? அங்கே நின்ற இன்னொருத்தி ஏற்கெனவே ஒருமுறை வாய் மூடியிருந்தவள். இந்த முறை மூடவில்லை.

"அத்திம்பேர், உங்களுக்கு இப்போ தீட்டுதானே?"

"ஆமாம்."

"தீட்டு இருக்கறவாளுக்கு மடி உண்டா?"

யோசித்தார். நியாயமான மனிதர். "கிடையாது."

"அப்புறம் எதுக்கு ஈரம்?"

"பொண்ணு பாயிண்ட்டா பேசுது! சாமி, சட்டுனு தொடச்சிக்கினு வா" என்றார் நர்ஸ்.

உலர்ந்த வேஷ்டிக்கு மாறி, மார்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து நாள் முழுக்க அதே நாற்காலி. சன்னதியில் செய்வதுபோலவே வாயைத் துணியால் மூடிக்கொண்டுதான் குழந்தையிடம் பேசினார். "அது கரெக்ட்டு. மாஸ்க்" என்று நர்ஸ் அதற்கு மட்டும் மார்க் போட்டார். பழக்கங்களை மொத்தமாகத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை, மொத்தமாகக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டியதில்லை. எது சூடு, எது ஈரம் என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

பதினோராம் நாள் தீட்டு கழிந்தது. என் வாதமும் அதோடு காலாவதி! அன்று மாலை பூஜைக்கு அவர் போயாக வேண்டும். மடியோடு. குழந்தையோ ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம்தான். இன்னும் கட்டிக்கொள்ள ஆள் வேண்டும். புதிதாக ஒரு வாதம் தேடித் தேடிப் பார்த்தேன்... கிடைக்கவில்லை.

அன்று காலையே ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் அத்திம்பேர் வந்து இறங்கினார். உலர்ந்த வேஷ்டி.

"மடி?" என்றாள் அம்மா.

"சாயங்காலம் போய்க் குளிச்சுட்டு உள்ளே போறேன். இவளுக்கு இப்போ சூடுதான் வேணும்."

அவ்வளவுதான். குழந்தையைத் தொடுவதற்கு முன்னாலிருந்த குளியலைப் பின்னால் தள்ளிவிட்டார். நான் தேடிய வாதத்தைவிட எத்தனை எளிது!

அன்று மதியம் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து முதல் முறையாக வார்டுக்கு அழைத்து வந்தார்கள். குழந்தைக்கு முப்பத்தாறு புள்ளி எட்டு. அக்கா அழுதுகொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். அத்திம்பேர் அசையவில்லை. நர்ஸைப் பார்த்தார்.

"சிஸ்டர், முதல்ல இவ கை சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்கோ."