சிப்பாயின் கண்ணில் விழுந்த பூ

போன சனிக்கிழமை கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கண் சிகிச்சை நடந்தது. ஆள் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது!

சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்ற நாளில் இருந்து என் வீட்டுக்காரருக்கு இதுதான் வேலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்தவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொம்பியூட்டரில் போட்டு, சட்டைக்கு நீலம், பொத்தானுக்குப் பித்தளை, கன்னத்துக்கு ரோஸ் என்று நிறம் தீட்டுவார். "எங்கட ஊர்ச் சண்டையைப் பாத்தது காணாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேறயப்பா. இது முடிஞ்சு போன சண்டை. ஆறுதலா இருந்து நிறம் அடிக்கலாம்" என்றார்.

பக்கத்து வீட்டு மடாம் இதைக் கேள்விப்பட்டார். அவருடைய பூட்டனார் கியூபெக்கில் இருந்து போய் அந்தப் போரில் நின்றவராம். இருப்பது ஒரேயொரு படம். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள், அதற்குள் நிறத்தோடு வேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார். முதன்முதலாக ஒருவர் நம்பிக் கேட்டிருக்கிறார்... மனுசன் இரண்டு கிழமை சோறு தண்ணியை மறந்தார்.

சனிக்கிழமை காலை மடாம் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "வடிவாக இருக்கிறது... ஆனால் யார் இவர்?" என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டார்.

இவருக்கு முகம் செத்துப்போனது. சட்டை சரி, தொப்பி சரி. பிழை எங்கே?

கண்ணில்! பழைய படத்தில் கருவிழி இரண்டும் வெளிறிக் கிடந்தனவாம். "பாவம், கண்ணில பூ விழுந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் இவர். இரக்கப்பட்டு, சிப்பாய்க்கு நல்ல கருங்கண் இரண்டு வைத்துவிட்டார் — அசல் யாழ்ப்பாணத்துக் கண்! அந்தக் காலத்துக் கமராவில் நீலக் கண் அப்படித்தான் வெள்ளையாக விழுமாம். மடாம் சொல்லும்வரை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மடாம் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இதுதான்" என்று தன் கண்ணைக் காட்டினார். நீலம்! பன்னிரண்டு வருடமாக வேலிக்கு மேலால் போன்ஷூர் சொல்கிறோம். ஒருநாளாவது கவனித்தோமா?

இவர் உடனே ஜன்னலோரம் கதிரை போட்டு மடாமை இருத்தினார். அவர் கண்ணை உற்று உற்றுப் பார்த்து, நீலத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்து, ஒரு மணித்தியாலம் தீட்டினார். முடிந்ததும் மடாம், "இது என் அப்பாவின் கண்" என்று சொல்லி அழுதேவிட்டார். இந்த மனுசனைக் கட்டியதற்காகப் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

மடாம் போனதும் அதே கதிரையில் நான் போய் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, முப்பத்தெட்டு வருசமாச்சு. என்ர கண் என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்!"

"கறுப்புத்தானே" என்றார், கொம்பியூட்டரில் இருந்து திரும்பாமலே.

மண்ணிறம், வாசகர்களே... மண்ணிறம்!