மாமா ஏன் ரோட்டில் நின்றார்

மாமா ரோட்டோரம் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் அடைக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் கேட்டுக்கு முதுகைக் காட்டியபடி, வாவியைப் பார்த்து மூச்சை இழுத்து இழுத்து விடுவார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தான் கட்டிய வீட்டை அவர் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். வாவிக்கு அக்கரை மண்டூரில் பிறந்த நான் ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். மாமி முன்பே காலமாகிவிட்டதால் மாமாவும் எங்களோடுதான் இருந்தார்.

மனிதர் தங்கம். ஆனால் கோபம் வந்தால், ஐயோ! சோறு குழைந்துவிட்டால் சாப்பாட்டுக் கோப்பை பறக்கும். கரண்ட் போனால் கதவு அதிரும். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் உடைந்த துண்டுகளைத் தானே கூட்டி அள்ளுவார். என் மனைவி சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவள். மகன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: “அப்பா, என்ட புள்ள இதக் கேட்டு வளரப்படாது. நீங்க டொக்டரிட்டப் போய்க் காட்டுங்க. இந்தக் கோவம் அடங்குமட்டும் இவன ஒங்கட கையில தரமாட்டன்.” மாமா கத்தவில்லை. பேரனை வாங்க நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். “ஆரும் கேட்டா பிரஷர் கிளினிக் எண்டு சொல்லுங்க மருமகன்” என்றார். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இருந்த இளம் பெண் டொக்டர், கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் என்ன தெரியும் என்று கேட்டார். மாமா நெடுநேரம் யோசித்து, “காது சுடும், மகள்” என்றார். அப்படியென்றால் காது சுட்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் நில்லுங்கள், ஆறியதும் உள்ளே வாருங்கள் என்றார் டொக்டர். மாமாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. முற்றம் போதாதென்று ரோட்டுக்கே போனார்.

வீட்டை மகளுக்குக் கொடுத்த தகப்பன் பின்னேரத்தில் ரோட்டில் நின்றால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்? மருமகன் துரத்திவிட்டான் என்றுதானே! எங்கள் மரமண்டைகளுக்கு அது உறைக்கவே இல்லை.

ஒருநாள் மாமா அப்படி நின்றுகொண்டிருந்தபோது, மனைவியின் தாய்மாமன் நாலு உறவுக்காரரோடு முற்றத்துக்குள் வந்துவிட்டார். “அந்த மனிசன் கட்டின வீடு இது! அவர ரோட்டில நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்குச் சோறு தின்ன ஒனக்கு வெக்கமில்லையாடா?” என்று என்னைப் பிடித்தார். வேலி நிறையத் தலைகள். உண்மையைச் சொன்னால் நான் தப்பலாம். மாமாவின் மானம் போய்விடும். வாயைத் திறக்கப்போன மனைவியைக் கண்ணால் தடுத்தேன்.

சத்தம் கேட்டு மாமா உள்ளே வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. இன்றைக்குக் கொலைதான் விழப்போகிறது என்று நடுங்கினேன். அவர் நின்று, மூச்சை இழுத்து விட்டார்.

“மச்சான், என்ட மருமகன ஒண்டும் சொல்லாத. பிரஷர் எண்டு நான் சொன்னது பொய். கோவத்துக்குத்தான் டொக்டரிட்டக் காட்டுறன். கோவம் வந்தா வெளிய நிக்கச் சொன்னவ, நிக்கிறன். இந்தப் பொடியன்தான் என்னக் கூட்டிப்போறவன்.”

என் மனைவி மகனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி நேரே அப்பாவிடம் போனாள்.

“இவனக் கொஞ்சம் பிடிங்கப்பா. மாமாவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்.”

அன்று வாங்கியவர்தான். பேரன் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் இன்னும் கீழே இறக்கியபாடில்லை.